குறுக்கே கிடந்த குழி

புதைகுழியைத் திறக்கும் முறையைப் பற்றித் தொல்லியல் வேலைக்குப் புதியவர்களான உங்களிடம் பேச வேண்டும் என்று என்னை அழைத்திருக்கிறார்கள். முறையெல்லாம் கையேட்டில் இருக்கிறது. அதில் ஒரு பாதியை நான் எழுதினேன். மறுபாதியை எழுதியவர்கள் குழிக்குள் இறங்கியதில்லை என்பது படித்தாலே தெரியும். எந்த எலும்பை முதலில் எடுப்பது, எந்தத் தூரிகை, எந்தக் கரண்டி, வெயில் படாமல் எதைக் கொண்டு மூடுவது, இதெல்லாம் இரண்டு பருவம் வேலை பார்த்தால் கைக்கு வந்துவிடும். வராதவர்களை அலுவலகத்துக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே மின்விசிறி உண்டு. பதவி உயர்வும் சீக்கிரம் வரும்.

கையேட்டில் இல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். ஓர் இடுகாட்டில் எல்லாக் குழிகளும் ஒரே திசையில் இருக்க, ஒன்று மட்டும் குறுக்கே கிடந்தால் அதைப் பற்றி என்ன எழுதுவது?

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். மதராஸில் சர்வே படம் வரையக் கற்றுக்கொண்டு, முப்பதுகளில் நைல் நதிக்கரைக்குப் போனேன். அங்கே தோண்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் குழு ஒன்றுக்குக் குறைந்த சம்பளத்தில் நிறைய வேலை செய்யும் டிராப்ட்ஸ்மேன் ஒருவர் தேவைப்பட்டார். இந்தியாவில் அப்படிப்பட்டவர்கள் கிடைப்பார்கள் என்று யாரோ அவர்களுக்குச் சரியாகவே சொல்லியிருந்தார்கள்.

நதி இன்று ஓடும் இடத்திலிருந்து விலகி, பழைய கரைமேடு ஒன்று இருந்தது. உலோகம் அறியாத காலத்து மக்கள் அதன் மேல் குடியிருந்திருக்கிறார்கள். அடுப்புச் சாம்பல், தானியம் சேர்த்து வைத்த குழிகள், மீன்முள், மாட்டெலும்பு, தேய்த்து மெருகேற்றிய கல்கோடரி எல்லாம் கிடைத்தன. குடியிருப்புக்குப் பின்னால் அவர்களுடைய இடுகாடு. இறந்தவர்களை நீட்டிப் படுக்க வைக்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. முழங்காலை மடக்கி, கைகளை முகத்தருகே சேர்த்து, மார்கழிக் குளிரில் போர்வைக்குள் சுருண்ட பிள்ளையைப் போல ஒருக்களித்து வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் தலை தெற்கே, முகம் மேற்கே. கிழவனுக்கும் அப்படித்தான், கைக்குழந்தைக்கும் அப்படித்தான்.

எங்கள் குழுவின் தலைவரைத் துரை என்று மட்டும் சொல்கிறேன். இந்தத் தொழிலில் நான் மதிக்கிற எல்லாவற்றையும் அவரிடம்தான் கற்றேன். குழியைத் தோண்டாமலே கண்டுபிடிக்கும் வித்தையும் அதில் ஒன்று. ஒருமுறை வெட்டி மூடிய மண், வெட்டாத மண்ணாக மறுபடி ஆவதே இல்லை. மேற்பரப்பை மெல்லச் சுரண்டி, நீர் தெளித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வெட்டாத மண் முதலில் காய்ந்துவிடும். குழி மட்டும் ஈரம் குறையாமல் கறுப்பாகத் தரையில் எழுந்து நிற்கும். காத்திருப்பதுதான் வித்தை. பெரும்பாலோர் அதற்குள் மண்வெட்டியை எடுத்துவிடுவார்கள்.

ஒருநாள் அப்படிக் காத்திருந்தபோது சின்னக் குழி ஒன்று குறுக்கே எழுந்தது. மற்றவை வடக்குத் தெற்காக இருக்க, இது கிழக்கு மேற்காக இருந்தது. உள்ளே நான்கைந்து வயதுப் பிள்ளை ஒன்று, கழுத்தில் சிப்பி மணிகளோடு கிடந்தது. தலை மேற்கே. துரை குத்தவைத்து உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார்.

“இது இந்த ஊர்ப் பிள்ளை இல்லை. வெளியாள்,” என்றார். “எங்கிருந்தோ பிடித்து வந்திருப்பார்கள்.”

எங்கள் வரைபடத்தில் ஊர்க்காரர்களுக்குக் கறுப்பு மை, வெளியாட்களுக்குச் சிவப்பு மை. அதுவரை சிவப்பு மைப்புட்டியைத் திறக்க வேலை வரவில்லை. அன்று திறந்தேன். அந்தத் தீர்ப்பில் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. அத்தனை கறுப்புக் கோடுகளுக்கு நடுவே அந்தச் சின்னச் சிவப்புக் கோடு பார்க்க அழகாகவே இருந்தது.

அப்போது என் மகள் கனகமணிக்கும் ஏறக்குறைய அதே வயது. அவளும் அவள் தாய் ரெபேக்காளும் ராஜபாளையத்தில் இருந்தார்கள். ரெபேக்காள் அங்கே பெண்கள் பள்ளி ஒன்றில் ஆசிரியை.

யுத்தம் தொடங்கியதும் தோண்டும் வேலை நின்றது. எங்களை ஒரு கூடாரத்தில் உட்கார வைத்து ராணுவத்துக்கு வரைபடம் போடச் சொன்னார்கள். அங்கேதான் ரெபேக்காளின் கடிதம் வந்தது. ராஜபாளையத்தில் காலரா. கனகமணி ஒரே நாளில் போய்விட்டாள். ரெபேக்காளும் நோயில் நினைவின்றிக் கிடந்ததால் அடக்கத்துக்குப் போகவில்லை. கடிதம் என்னிடம் வந்து சேர்வதற்குள் மாதங்கள் ஓடியிருந்தன. விடுப்புக்கு முறைப்படி விண்ணப்பம் எழுதினேன். முறைப்படி மறுத்தார்கள். கப்பல்கள் எல்லாம் சிப்பாய்களை ஏற்றிப் போய்க்கொண்டிருந்தன. செத்துப்போன பிள்ளைக்காக ஒருவன் ஊருக்குப் போவதால் யுத்தத்துக்கு என்ன லாபம் என்று கேட்டால், அதற்குரிய பதில் எந்தப் படிவத்திலும் இல்லை.

நான் ஊர் திரும்ப இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் ரெபேக்காள் மாற்றல் வாங்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து, மடவார் வளாகத்தில் ஒரு வீட்டில் இருந்தாள். ராஜபாளையத்தில் எங்கள் கிறிஸ்தவ சபைக்குக் கல்லறைத் தோட்டம் கிடையாது. யார் இறந்தாலும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான் கொண்டுவர வேண்டும். பிள்ளை இருக்கும் ஊரில் தானும் இருக்க வேண்டும் என்று அவள் வந்திருந்தாள்.

முதல் நாள் சாப்பாடு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“புள்ள எங்க இருக்கான்னு எனக்குத் தெரியலங்க,” என்றாள்.

“நம்ம தோட்டத்துலதான?”

“தோட்டம் தெரியுது, எடம் தெரியல. அந்த வருசம் எம்புட்டுப் பேரு போயிட்டாக! அடுத்த மழையில மேடெல்லாம் கரைஞ்சு போச்சு. ஞாயித்துக்கிழமைதோறும் பூவக் கொண்டுக்கிட்டுப் போறேன். எங்க வைக்கன்னு தெரியாம கேட்டுலயே வச்சுட்டு வாரேன். ஆடு திங்குது.”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

“என்னைக்கோ செத்தவன் எங்க கெடக்கான்னு காட்டுததுதான உங்க வேலை?” என்றாள். “எம் புள்ளயக் காட்டுங்க. அறுப்பின் பண்டிகை முடிஞ்சா செவுரு எழுப்பிருவாக. அதுக்கு முந்திக் காட்டுங்க.”

சுவர் விஷயம் இதுதான். தோட்டத்துக்கு அதுவரை முள்வேலிதான். ஆடுமாடு உள்ளே வருகிறதென்று சபைக் கமிட்டி கல்சுவர் கட்டத் தீர்மானித்திருந்தது. மூலைக்கு மூலை நேராக நூல் பிடித்தால் தெற்கு ஓரத்தில் கொடுவாள் முனை போல ஒரு துண்டு நிலம் வெளியே போய்விடும். அதை வண்டிப் பாதைக்கு விட்டுக் கொடுப்பதாக ஏற்பாடு. அந்தத் துண்டில் யாராவது இருந்தால் அவர்கள் மேல் வண்டி ஓடும். அங்கே யாரும் இல்லை என்று உபதேசியார் கமிட்டிக்குச் சொல்லியிருந்தார்.

உபதேசியார் மெலிந்த மனிதர். சபையின் ஜெபம், அடக்கம், தோட்டத்துச் சாவி எல்லாம் அவர் பொறுப்பு. தோட்டத்து வாசலை ஒட்டியே அவர் வீடு. காலராவின்போது அவர் வெளியே தலைகாட்டவில்லை என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. எங்கள் பிள்ளையை எங்கே வைத்தார்கள் என்று ரெபேக்காள் கேட்டபோதெல்லாம், அந்த வாரத்தில் யாரை எங்கே வைத்தோம் என்று நினைவில்லை என்றே சொல்லி வந்தார். நான் போய்க் கேட்டதும் மேலாகச் சுரண்டிப் பார்க்க மட்டும் அனுமதி கொடுத்தார்.

“தோண்டப்படாது சார். அம்புட்டுத்தான். நீங்க படிச்சவிய, சொல்லணுமா?”

அந்த மண்ணில் மேலே செம்மண், கீழே வெள்ளைச் சுக்கான் கல். குழி வெட்டி மூடினால் அடியிலிருந்த சுக்கான் மேலே வந்து, செம்மண்ணில் அவல் சிந்தியது போல் கலந்துவிடும். நைல் கரையைவிடச் சுலபமான வேலை. விடிந்ததும் நானும் ரெபேக்காளும் போனோம். கொத்தனார் கரண்டியால் நான் சுரண்ட, அவள் குடத்துத் தண்ணீரைத் தெளித்தாள். பிறகு காத்திருந்தோம். வெயில் ஏறியதும் குழிகள் ஒவ்வொன்றாகத் தரையில் எழுந்தன.

சின்னக் குழிகள் ஒரு வரிசை முழுக்க இருந்தன. அவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எல்லாம் கிழக்கு மேற்காக, எங்கள் வழக்கப்படி, மேற்கே தலை வைத்து, எழும்போது கிழக்கைப் பார்க்கும்படி. அளவிலும் ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லை. ரெபேக்காள் ஒவ்வொன்றின் அருகிலும் நின்று, “இதா? இதா?” என்று கேட்டாள். நான் தெரியவில்லை, தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டு போனேன்.

வெளியே விடப்போகும் அந்தத் துண்டு நிலத்தையும் சுரண்டிப் பார்த்தேன். முழுமை வேண்டும் என்பது தொழில் பழக்கம். அங்கே தனியாக ஒரு சின்னக் குழி எழுந்தது. வடக்குத் தெற்காக. மற்ற எல்லாவற்றுக்கும் குறுக்கே.

“இது?” என்றாள் ரெபேக்காள்.

“இது நம்ம ஆளு இல்ல,” என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. துரையின் வாக்கியம் தமிழில் என் வாயிலிருந்து வந்தது, அவ்வளவுதான். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த உபதேசியார் சட்டென்று பேசினார்.

“சரியாச் சொன்னீய சார். சபையார்னா இப்படி வைப்போமா? ஆடு மேய்க்க வந்தவன் எவனாச்சும் எதையாச்சும் பொதச்சிருப்பான்.”

ரெபேக்காள் எங்கள் இருவரையும் பார்த்தாள். குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “குருவையா வரட்டும்,” என்றாள்.

ராஜபாளையத்தில் எங்கள் அடுத்த வீட்டு வண்டிக்காரர் குருவையா. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கனகமணியின் உடலை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டு வந்தது அவர் வண்டிதான். தெருவில் வேறு யாரும் எங்கள் வாசலுக்கே வரவில்லை. கொஞ்ச நாளில் அவர் செண்பகத்தோப்புப் பக்கம் மூங்கில் ஏற்றும் வேலைக்குப் போய்விட்டார். போகும்போது ரெபேக்காளிடம், “ஓரத்துல வச்சிருக்கேன் டீச்சரம்மா,” என்றதோடு சரி. அவர் கொண்டுபோய் ஒப்படைத்தார், உபதேசியார் அடக்கம் செய்தார் என்றுதான் அவள் எண்ணியிருந்தாள்.

சொல்லியனுப்பியதும் குருவையா அன்று சாயங்காலமே மூங்கில் பாரத்தோடு வந்து, வண்டியைத் தோட்டத்து ஓரம் நிறுத்தினார். என்னை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பாப்பாவோட அப்பாவா? மூக்கு அப்படியே இருக்கு,” என்றார். நான் வரிசையாக எழுந்திருந்த குழிகளைக் காட்டினேன். அவர் முதலில் கிழக்குக் கோடியைக் காட்டினார். கொஞ்சம் நடந்துவிட்டு நடுவில் ஓரிடத்தைக் காட்டினார். பிறகு தலையைச் சொறிந்தார்.

“ஏன் குருவையா, ஓரத்துலன்னு சொன்னே, இப்ப நடுவுல காட்டுதே?” என்று ரெபேக்காள் குரலை உயர்த்தினாள்.

“கோவிச்சுக்கிடாதீக டீச்சரம்மா. அப்ப இங்க ஒரு வேம்பு நின்னுச்சு. அது நெழல்லதான் வச்சேன். மரத்த வெட்டி வித்துப்புட்டு எடத்தக் கேட்டா நான் எங்க போவேன்?”

உபதேசியார் வானத்தைப் பார்த்தார்.

குருவையா மறுபடி வரிசையைப் பார்த்தார். ஏதோ பிடிபடாதவர் போல முகத்தைச் சுளித்தார்.

“அதென்ன சார், இதெல்லாம் குறுக்கயில்லா கெடக்கு? நான் நேராத்தான வச்சேன்.”

“நேரான்னா?” என்று கேட்டேன்.

“தெக்க தலை, வடக்க காலு. வேற எப்படி வைப்பாக?”

நான் வாயைத் திறக்குமுன் ரெபேக்காள் அந்தத் துண்டு நிலத்தை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தாள். அங்கே போய், குழியின் தெற்கு முனையில் மண்ணில் உட்கார்ந்து, தலை இருக்கும் இடத்தில் கையை வைத்தாள்.

“இங்கயா குருவையா?”

அவர் பின்னாலேயே போய்ப் பார்த்தார். “ஆமா டீச்சரம்மா. இதுதான். பாருங்க, வேம்பு வேரு கூட கெடக்கு. எங்க வீட்டுப் புள்ளைன்னா எப்படி வைப்பேனோ அப்படி வச்சேன். உங்க மொறை எனக்கு என்ன தெரியும்? வண்டியில வரும்போது கூட, பங்காரு, பங்காருன்னுதான் சொல்லிக்கிட்டே வந்தேன். எங்க பேச்சுல தங்கம்னு அர்த்தம். அவளை அப்படித்தான கூப்பிடுவேன்.”

உபதேசியாரின் குரல் கடுமையாயிற்று. “ஏலே, வாய்க்கு வந்தத ஒளறாத. சபையார் அடக்கம்னா ஜெபம் இருக்கும், மணி அடிக்கும். நீயா கொண்டாந்து வச்சா அது சபை அடக்கமா? கமிட்டி கேட்டா நான் என்னன்னு சொல்ல?”

“ஜெபம் பண்ணத்தான் கூப்பிட்டேன் ஐயா. உச்சி வெயிலு. கேட்டு பூட்டிக் கெடந்துச்சு. தொண்டத்தண்ணி வத்தக் கத்தினேன்.”

“கேட்டு பூட்டிக் கெடந்தா நீ எப்படி உள்ள போனே? எத வச்சுத் தோண்டினே, நகத்தாலயா? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்.”

மாடு கழுத்தை ஆட்டியது. குருவையா அதைத் தட்டிக்கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“நீங்கதானய்யா சன்னல் வழியா மம்பட்டியப் போட்டீக. சாவியையும் போட்டீக. மூஞ்சியத்தான் காட்டல. வேலை முடிஞ்சு சன்னல்லயே வச்சுட்டுப் போனேன். நான் இத யாருகிட்டயும் சொல்லல. இப்பவும் நீங்க கேக்கப் போயிச் சொன்னேன்.”

குழுத் தலைவர்கள், கலெக்டர்கள், எலும்புக்காகச் சண்டை போட்டுக்கொண்ட பேராசிரியர்கள் என்று எத்தனையோ வாக்குவாதங்களில் நான் நின்றிருக்கிறேன். ஒருவர் தோற்றதும் அப்படித் தளர்ந்துபோனதை வேறெங்கும் பார்த்ததில்லை. கவிழ்த்து வைத்திருந்த குடத்தின் பக்கத்தில் உபதேசியார் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“என் வீட்டுல அன்னைக்கு ரெண்டு புள்ளையளும் படுத்துக் கெடந்துச்சு,” என்றார். “அதுக்கு முந்துன நாளெல்லாம் நான்தான் பொதச்சேன். ஒருத்தர் பாக்கியில்லாம. அந்த வண்டி வந்தப்ப என்னால ஏலல. வெளிய வந்து தொட்டுட்டு உள்ள போனா எம் புள்ளையளுக்கு… அதான் வரல. வராததுல என்ன பிரயோசனம்? ஒண்ணுதான் மிஞ்சுச்சு.” வரிசையில் இருந்த ஒரு குழியைக் கையால் காட்டினார். நாங்கள் காலையில், இதுவா என்று கேட்டுக் கடந்து போன குழி அது.

ரெபேக்காள் எழுந்திருக்காமலே சொன்னாள்: “நானா இருந்தாலும் கதவத் தெறந்திருக்க மாட்டேன் ஐயா.”

பிறகு உபதேசியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். செய்யாமல் விட்டதைச் செய்துவிட வேண்டும் என்ற வேகம் அவருக்கு வந்துவிட்டது.

“சார், ஒண்ணு செய்வோம். தெறந்து, மேக்க தலையா திருப்பி வச்சு, நானே ஜெபம் பண்ணி மூடுதேன். மொறையா ஆயிரும். வரிசையிலயே எடம் போட்டுத் தாரேன், செவுரும் நேராப் போயிரும். கமிட்டியில ஒருத்தனும் வாயத் தெறக்க முடியாது. தெறக்குத வேலைக்கு ஆளு தேடணுமா? உங்களுக்குத் தெரியாததா?”

அது நல்ல மனதோடு சொன்ன யோசனை. எந்த விதிக்கும் முரணில்லாத யோசனையும்கூட. அந்த வேலைக்கு என்னைவிடத் தகுதியானவன் அந்த ஜில்லாவில் இல்லை. அந்த மண்ணில், அந்த வயதில், இத்தனை மழைக்குப் பிறகு எந்தெந்த எலும்பு மிஞ்சியிருக்கும், எந்த ஆழத்தில் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கரண்டியை எடுக்க வேண்டும், எங்கே கரண்டியையும் வைத்துவிட வேண்டும் எல்லாம் எனக்குத் தெரியும். தூரிகைகள் வீட்டுப் பெட்டியில் இருந்தன. இன்னொன்றும் இருந்தது. திறந்தால் உறுதியாகத் தெரிந்துவிடும். குருவையா சொன்னது, வேம்பின் வேர், திசை, எல்லாம் சேர்ந்தாலும் எங்கள் தொழிலில் அதற்கு ‘பெரும்பாலும்’ என்றுதான் பெயர். என் மகள் விஷயத்தில் பெரும்பாலும் என்ற சொல்லோடு மிச்ச நாளைக் கழிக்க வேண்டுமா என்று நினைத்தேன். அவளைக் கடைசியாகப் பார்த்ததும் கப்பல் ஏறுவதற்கு முன்புதான். திறந்தால் பார்க்கலாம். அது பார்ப்பதாகுமா என்பது வேறு கேள்வி. அந்த நேரத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

“ரெபேக்காள், நீ வீட்டுக்குப் போ. நான் பாத்துக்கிடுதேன்,” என்றேன்.

அவள் கையைத் தலைமாட்டிலிருந்து எடுக்கவில்லை.

“வேண்டாம்,” என்றாள். “தூங்குத புள்ளயத் திருப்பிப் போட்டா முழிச்சுக்கிடுவா. பொறவு அவளத் தூங்க வைக்கதுக்கு எம்புட்டு நேரமாகும்னு உங்களுக்குத் தெரியாது. நீங்க ஊர்ல இல்ல.”

நான் எழுந்துபோய்க் கரண்டியைக் கழுவினேன். ஒரு குழியைத் திறக்க வேண்டாம் என்று என் பணிக்காலத்தில் முடிவெடுத்தது அந்த ஒரு தடவைதான். அதுகூட என் முடிவில்லை.

கமிட்டியில் உபதேசியார் எழுந்து, தான் ஜன்னல் வழியாக மண்வெட்டி போட்டதை அவராகவே சொன்னார். அதன் பிறகு அந்தக் குழியை உள்ளே சேர்த்துச் சுவரை வளைத்துக் கட்டுவதென்று முடிவாயிற்று. ஒரு பெரியவர் மட்டும், கோணல் சுவர் சபைக்கு அழகா என்று முனகினார். தோட்டத்துக்கு வரைபடம் போட்டுத் தரும்படி என்னிடம் கேட்டார்கள். சம்பளமில்லாத வேலை எப்போதும் தெரிந்தவர்களுக்குத்தான் கிடைக்கும். போட்டுக் கொடுத்தேன். எல்லாக் குழிகளுக்கும் கறுப்பு மை.

சுவர் எழும்பியது. தெற்கே அந்த இடம் வந்ததும் நேராக வந்துகொண்டிருந்த சுவர் வெளிப்பக்கம் வளைந்து, ஒரு சின்னக் குழியைச் சுற்றிக்கொண்டு மறுபடி உள்ளே வந்தது. கொத்தனாருக்குப் பொறுக்கவில்லை.

“நூலப் புடிச்சுப்புட்டு வளைச்சுக் கட்டச் சொல்லுதீகளே ஐயா. நாளைக்குப் பாக்கறவன் கொத்தன் குடிச்சிருந்தான்னுதான சொல்லுவான்?”

“சொல்லட்டும்வே, கட்டும்,” என்றார் உபதேசியார். கட்டி முடியும்வரை அங்கேயே நின்றார்.

யுத்தம் முடிந்ததும் துரைக்கு எழுதினேன். அந்தக் குறுக்குக் குழியைச் சிவப்பிலிருந்து கறுப்புக்கு மாற்ற வேண்டும், குறைந்தது ‘தெரியாது’ என்றாவது போட வேண்டும் என்று கேட்டேன். ஏன் என்பதையும் எழுதினேன். அவர் பதில் அனுப்பினார். என் மகளுக்காக மனப்பூர்வமாக வருந்தியிருந்தார். படம் அச்சாகிவிட்டது, அதோடு ஒரு நாட்டில் நடந்தது இன்னொரு நாட்டுக்கு ஆதாரமாகாது என்றும் எழுதியிருந்தார். அது சரியான பதில். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். அந்தப் பிள்ளை இன்றும் அந்தப் புத்தகத்தில் சிவப்பாகத்தான் கிடக்கிறது. கோடு என்னுடையது. நன்றாகத்தான் வரைந்திருக்கிறேன்.

அந்த நதிக்கரை மக்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து எங்கள் தோட்டத்தைத் தோண்டியிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்று சில நேரம் யோசிப்பேன். அவர்கள் வழக்கத்துக்குத் தலை தெற்கே இருக்க வேண்டும். ஆகவே என் மகள் ஒருத்திக்குத்தான் கறுப்பு மை. உபதேசியாரின் பிள்ளை உட்பட மற்ற எல்லோரும் வெளியாட்கள்.

நீங்கள் இளைஞர்கள். சீக்கிரம் முடிவுக்கு வருவதைத் திறமை என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஒரு குழியின் திசையைப் பார்த்துக் குழிக்குள் இருப்பவர் யார் என்று எழுதாதீர்கள். படுத்திருப்பவர் தன் திசையைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவரைக் கொண்டுவந்த கைகள் தேர்ந்தெடுத்தன. அந்தக் கைகள் பகைவனுடையவையாக இருக்கலாம். ஊரெல்லாம் கதவைச் சாத்திக்கொண்ட ஒரு பகலில், தன் வீட்டுப் பிள்ளையை எப்படி வைப்பானோ அப்படி வைத்துவிட்டுப் போன ஒருவனுடையவையாகவும் இருக்கலாம். அந்தச் சிப்பி மணிப் பிள்ளைக்கு இரண்டில் எது நடந்தது? தெரியாது. தெரியாது என்று எழுதுவதற்குக் கையேட்டின் பதிவுப் படிவத்தில் இடம் விட்டிருக்கிறேன். கடைசிப் பத்தி. யாரும் அதை நிரப்புவதில்லை.

ரெபேக்காள் போன வருடம் காலமானாள். அந்த வளைவுக்குள் கனகமணியின் பக்கத்தில் வைக்க வேண்டும், தெற்கே தலையாக வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். இப்போதிருக்கிற போதகர் இளைஞர். தயங்கினார். பழைய உபதேசியார் வயதாகித் தடியூன்றி வந்து, அவர் காதில் ஏதோ சொன்னார். பிறகு தயக்கம் இல்லை. உபதேசியாரே ஜெபமும் செய்தார், இந்தத் தடவை வெளியே வந்து நின்று.

ஆக, இப்போது அங்கே குறுக்காக இரண்டு குழிகள் இருக்கின்றன. ஒன்று சின்னது, ஒன்று பெரியது. வருங்காலத்தில் உங்களில் ஒருவருடைய மாணவர் அங்கே நீர் தெளித்துக் காத்திருப்பார். சுவரின் வளைவைப் பார்த்துக் கொத்தனார் குடித்திருந்தார் என்று ஒரு வரி எழுதுவார். அதை நான் ஆட்சேபிக்கப் போவதில்லை. மை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சின்னக் குழிக்கு மறுபக்கம் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது. அளந்து பார்த்துவிட்டேன். வடக்குத் தெற்காக வைத்தால் எனக்குச் சரியாக இருக்கும்.